நாற்பத்தோராம் பக்கம்

விமான இருக்கையின் முதுகுப் பையில்
வாந்திப் பைக்கும் பாதுகாப்பு அட்டைக்கும் நடுவே
நான் இருப்பேன்.
மாதம் ஆறு பொருள்.
பொருளுக்கு முப்பது சொல்.

திபிலிசிக்கு வருகிறவர்கள்
எந்தக் கோப்பையில் காபி குடிக்க வேண்டும்,
எந்த விடுதியின் எந்த அறையில்
காலை வெயில் கட்டில்வரை வரும்,
எந்தக் கடைக் கம்பளிச் செருப்பு
பாதத்தைக் குத்தாது,
எல்லாம் எனக்குத் தெரியும்.
என் வீட்டில் இருப்பது
அக்கா வேண்டாமென்று தந்த பிளாஸ்டிக் மேசை.

போன வசந்தத்தில் ஐந்து சேர்ந்துவிட்டது.
கரிநிற மண் கூஜா,
மாதுளைத் தோல் சாயமேறிய துவாலை,
இரண்டு குளியலறை உள்ள ஒரு ரயில் பெட்டி விடுதி,
மற்ற இரண்டும் மறந்துபோயிற்று.
ஆறாவது சிக்கவில்லை.

சுகுரெத்தியில் மழைக்கு ஒதுங்கினேன்.
ஏழு படி கீழே ஒரு ரொட்டிக் கடை.
சன்னல் தெருத்தரையோடு ஒட்டியிருந்தது;
போகிறவர்களின் கணுக்கால் மட்டும் தெரியும்.
கிணறு மாதிரி அடுப்பு.
அதன் உட்சுவரில் மாவை அறைந்துகொண்டிருந்தாள் நாசிப்ரோலா,
பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே.
ஒவ்வொரு ஈடு வேகும்போதும்
ஒரு முக்காலியில் உட்கார்ந்து
பற்றவைக்காத சிகரெட்டை
உதட்டில் வைத்திருப்பாள்.

முக்காலி நீலம்.
நீலமென்றால் ஒரே நீலமில்லை,
விளிம்பில் பச்சைக்கு நழுவுகிற நீலம்.
உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் மரம் வெளுத்திருந்தது.
ஒரு கால் வேறெந்த நாற்காலியிலிருந்தோ வந்தது.
"யாரும் வடிவமைக்காத வடிவம்"
என்று எழுதினேன்.
அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

ஜூனில் ஒரு மிலான்காரர் படியிறங்கினாராம்,
கிழித்தெடுத்த என் பக்கம் சட்டைப் பையில்.
ரொட்டி வாங்கவில்லை.
நானூறு லாரி.
அவள் எழுந்து கொடுத்துவிட்டாள்.

கேள்விப்பட்ட இரவு தூக்கமில்லை.
கல்லடி படலாம், கண்ணடி படக்கூடாது.
பட்ட கண் என்னுடையது.
நாளெல்லாம் நெருப்பில் நிற்கிறவளின்
உட்காரும் இடத்தை
முப்பது சொல்லில் விற்றிருக்கிறேன்.
மடக்கு நாற்காலி ஒன்று வாங்கி
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஏழு படி இறங்கினேன்.

உள்ளே ஒன்பது முக்காலிகள்.
எல்லாம் நீலம்.
எல்லாவற்றுக்கும் ஒரு கால் மாற்றுக்கால்.
அவள் அண்ணன் மகன் கோச்சா
பத்தாவதன் நடுவை
உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான்.
பக்கத்தில் ஒரு வாளி தேயிலைத் தண்ணீர்.

"இருபது வருஷம் உட்கார்ந்த மாதிரி ஆக
எவ்வளவு நேரம் பிடிக்கும்?"
"அரை மணி.
உட்கார்ந்தவர் குண்டு என்றால் நாற்பது நிமிஷம்."

அடுப்பிலிருந்து தலையை எடுத்தாள் நாசிப்ரோலா.
புருவத்தில் மாவு.
"அது இடுப்பொடிக்கிற சனியன்,
எப்போது உடையுமென்று காத்திருந்தேன்.
நல்லவேளை, நீ எழுதினாய்."
என் நாற்காலியை விரித்துப் பார்த்தாள்,
மடக்கினாள்,
உன் வீட்டுக்கு ஆகும் என்று திருப்பித் தந்தாள்.

பிறகு உட்கார்ந்தாள்.
கவிழ்த்துப்போட்ட மஞ்சள் சோடாப் பெட்டி,
மேலே நாலாய் மடித்த ராணுவக் கம்பளி,
மாவு மூட்டைக் கயிற்றால் குறுக்கே ஒரு கட்டு.
கணுக்கால்களுக்கு நடுவே புகுந்த வெயில்
சரியாக அந்த மஞ்சளில் விழுந்தது.
என் கை தானாகவே போனை எடுத்தது.

"ஏய்," என்றாள்,
உதட்டுச் சிகரெட் அசையாமல்.
"இது நான் உட்காருவது."

அக்டோபர் இதழுக்கு ஐந்துதான் கொடுத்தேன்.
ஆறாவது எங்கே என்று ஆசிரியை தெயா
மூன்று முறை கூப்பிட்டாள்.
கடைசியில் அனுப்பியது இது:

சூடான ரொட்டி, ஏழு படி கீழே.
கூர்முனையை முதலில் பிய்க்கவும்.
நின்றுகொண்டே தின்னவும்.